தியோ எப்ஸ்டீனுக்கு என்ன விலை? பேஸ்பால் நிர்வாகி அணி மாறும்போது பேசப்படும் ஈடு

2011 அக்டோபர் 21 அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸும் சிகாகோ கப்ஸும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. ரெட் சாக்ஸின் ஜெனரல் மேனேஜர் (வீரர்களைச் சேர்த்து அணியைக் கட்டும் அலுவலக நிர்வாகி) தியோ எப்ஸ்டீன் ராஜினாமா செய்கிறார், கப்ஸின் பேஸ்பால் பிரிவுத் தலைவராகப் பொறுப்பேற்கிறார் என்பது செய்தி. பாஸ்டனில் அவருடைய ஒப்பந்தம் முடிய இன்னும் ஓராண்டு இருந்தது. ஒப்பந்தம் பாக்கியிருக்கும் ஒருவரை விட்டுக்கொடுத்தால் பதிலுக்கு ஏதாவது வாங்குவது வழக்கம். எப்ஸ்டீனுக்குப் பதிலாக என்ன தரப்படும் என்பது அந்த அறிக்கையில் இல்லை. ஈட்டை எந்த வழியில் முடிவு செய்வது என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போயிருந்தன, விரைவில் தீர்ந்துவிடும் என்றும் சொல்லியிருந்தன. தீர நான்கு மாதம் ஆனது.

கடைசியில் கைமாறியவர் கிறிஸ் கார்பென்டர் என்ற 26 வயது ரிலீஃப் பிட்சர், அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து பந்து வீசுபவர். அதுவரை உச்சநிலை லீகான மேஜர் லீகில் அவர் ஆடியது பத்தே ஆட்டங்கள். (செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் புகழ்பெற்ற கிறிஸ் கார்பென்டர் வேறு ஆள்.) 86 ஆண்டு வறட்சியை முடித்து ரெட் சாக்ஸுக்கு இரண்டு வேர்ல்ட் சீரிஸ் (பருவத்தின் இறுதித் தொடர்) பட்டங்களைச் சேர்த்த நிர்வாகிக்கு இவ்வளவுதானா என்று பாஸ்டன் ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் இயல்பானது. ஆனால் அது ஈட்டின் தன்மையைத் தவறாகப் புரிந்துகொண்ட கோபம். ஈட்டில் அளக்கப்படுவது அந்த மனிதரின் திறமை இல்லை. போக விடுவதற்கான அனுமதிக்குத்தான் விலை. ஒப்பந்தத்தில் எத்தனை நாள் பாக்கி, பழைய அணிக்கு அவரைத் தடுக்க உண்மையில் விருப்பம் உண்டா, எந்தக் கட்டத்தில் பேரம் பேசப்படுகிறது ஆகிய மூன்றும்தான் அந்த விலையை முடிவு செய்கின்றன.

தடுக்கும் உரிமை எங்கிருந்து வருகிறது

அமெரிக்கச் சட்டப்படி ஒருவரை வேலை செய்யச் சொல்லி நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. ஆனால் தனித்திறன் கொண்ட ஒருவர் ஒப்பந்தக் காலத்துக்குள் போட்டி நிறுவனத்தில் வேலை செய்யக் கூடாது என்று தடை விதிக்க முடியும். பேஸ்பாலில் இது 1902-லேயே நிலைநாட்டப்பட்டுவிட்டது. பிலடெல்பியா பில்லீஸிலிருந்து அதே ஊரின் அத்லெடிக்ஸுக்குத் தாவிய நாப் லஜோயை, பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் வேறு அணிக்கு ஆடக் கூடாது என்று தடுத்தது. அவர் அந்த மாநில எல்லையைத் தாண்டி கிளீவ்லாந்து அணிக்குப் போய்த்தான் தொடர்ந்து ஆடினார்.

இன்றைய அணிகள் இதற்காக நீதிமன்றம் போவதில்லை. தங்களுக்குள் எழும் தகராறுகளை லீக் கமிஷனரின் தீர்ப்புக்கு விடுவதாக 30 அணிகளும் லீக் சாசனத்தில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. இன்னொரு அணியோடு ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரையோ, மேனேஜரையோ (மைதானத்தில் அணியை வழிநடத்துபவர்), பயிற்சியாளரையோ அந்த அணியின் அனுமதியில்லாமல் வேலைக்கு அழைத்துப் பேசுவதை லீக் விதிகளில் 3(கே) பிரிவு தடை செய்கிறது. பேஸ்பால் வட்டாரத்தில் இதை ‘டேம்பரிங்’ என்பார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஜெனரல் மேனேஜர் விஷயத்திலும் இதே ஒழுங்கைத்தான் அணிகள் கடைப்பிடிக்கின்றன.

ஆக, முதல் படி அனுமதி கேட்பது. ஆள் தேடும் அணியின் உரிமையாளரோ தலைவரோ மறுதரப்பில் தமக்கு நிகரானவரைக் கூப்பிட்டு, இன்னாரோடு பேசலாமா என்று கேட்கிறார். கிடைக்கும் பதில் மூன்று வகை. பேசுங்கள். பேசக் கூடாது. பேசலாம், ஆனால் எடுத்தால் ஈடு தரவேண்டும். மூன்றாவது பதில் வரும்போதுதான் பேரமே பிறக்கிறது.

எந்தப் பதில் வரும் என்பது பெரும்பாலும் பதவியைப் பொறுத்தது. கீழ்ப்பதவியிலிருந்து மேற்பதவிக்குப் போகிறவரைத் தடுக்கக் கூடாது என்பது அணிகளுக்கிடையே ஊறிப்போன மரியாதை. தடுத்தால் நாளைக்குத் திறமையான இளைஞர்கள் அந்த அணியில் வேலைக்குச் சேரத் தயங்குவார்கள். அதே பதவியில் பக்கவாட்டாக நகர்வதற்கு அந்த மரியாதை கிடையாது. ஜான் ஃபாரல் விஷயத்தில் இந்த வேறுபாடு துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் ஆளும் ஒருவர், அணிகளும் அதே இரண்டு. 2010 அக்டோபரில் ரெட் சாக்ஸின் பிட்சிங் பயிற்சியாளராக இருந்த அவர் டொராண்டோ புளூ ஜேஸின் மேனேஜரானார். பதவி உயர்வு என்பதால் பாஸ்டன் எதுவும் வாங்கவில்லை. 2012 அக்டோபரில் அவரையே ரெட் சாக்ஸ் தன் மேனேஜராகத் திரும்பக் கேட்டது. மேனேஜர் பதவியிலிருந்து மேனேஜர் பதவிக்கு, அதுவும் ஒப்பந்தத்தில் ஓராண்டு மீதமிருக்கும்போது. இப்போது ஷார்ட்ஸ்டாப் மைக் அவிலஸைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஃபாரலோடு டேவிட் கார்பென்டர் என்ற பிட்சர் பாஸ்டனுக்கு வந்தார்.

எப்ஸ்டீன் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றார். பாஸ்டனில் அவர் ஜெனரல் மேனேஜர், சிகாகோவில் அதற்கு மேலான தலைவர் பதவி. காகிதத்தில் அது உயர்வு. அதைக் காட்டி கப்ஸ் ஈட்டைக் குறைக்கப் பார்க்கலாம். ஆனால் இரண்டு இடத்திலும் அணியைக் கட்டியெழுப்பும் முழுப் பொறுப்பு அவருடையதுதான் என்று பாஸ்டன் வாதாடலாம். இப்படிப் பதவிப் பெயரைப் பெரிதாக்கி ஆளைக் கூட்டிப்போவது பின்னாளில் பல அணிகளின் வழக்கமாகவே ஆகிவிட்டது.

பணம் ஏன் இல்லை, வீரர் ஏன்

கேட்பவருக்கு முதலில் தோன்றும் கேள்வி இது. ஒரு நிர்வாகிக்குப் பதிலாக மைதானத்தில் ஆடும் பையனை அனுப்புவது விநோதமாகப் படலாம்.

அமெரிக்கக் கால்பந்தில் டிராஃப்ட் வாய்ப்புகளை, அதாவது புதிய இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளை, கொடுத்துத் தீர்க்கிறார்கள். 2002-ல் பயிற்சியாளர் ஜான் குரூடனைப் பெற டாம்பா பே பக்கனீர்ஸ், ஓக்லாந்து ரைடர்ஸுக்கு இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளையும், இரண்டு இரண்டாம் சுற்று வாய்ப்புகளையும், 80 லட்சம் டாலரையும் கொடுத்தது. கூடைப்பந்தில் 2013-ல் டாக் ரிவர்ஸுக்காக லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ், பாஸ்டன் செல்டிக்ஸுக்கு ஒரு முதல் சுற்று வாய்ப்பைத் தந்தது. பேஸ்பாலில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. வழக்கமான டிராஃப்ட் வாய்ப்புகளை அணிகள் கைமாற்றிக்கொள்ள முடியாது. சிறு சந்தை அணிகளுக்குக் கூடுதலாகத் தரப்படும் சில வாய்ப்புகளை மட்டும் 2012 முதல் மாற்றலாம். எப்ஸ்டீன் பேச்சு நடந்த 2011 அக்டோபரில் அதுவும் இல்லை.

பணத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1976 ஜூனில் ஓக்லாந்து ஏ’ஸ் உரிமையாளர் சார்லி ஃபின்லி தன் நட்சத்திரங்களை விற்கப் பார்த்தார். வைடா புளூ 15 லட்சம் டாலருக்கு யாங்கீஸுக்கு, ஜோ ரூடியும் ராலி ஃபிங்கர்ஸும் தலா 10 லட்சத்துக்கு ரெட் சாக்ஸுக்கு. கமிஷனர் போவி கூன் மூன்றையும் ரத்து செய்தார். பணக்கார அணிகள் கட்டுக்கட்டாகப் பணத்தை வைத்துப் போட்டியை வாங்கிவிடக் கூடாது என்பது அவர் வாதம். அதன் பின் பெரிய தொகைக்கு ஆளை விற்பதை லீக் சந்தேகத்தோடேயே பார்த்துவருகிறது.

இன்னொன்று, வருமானத்தில் கொழிக்கும் ரெட் சாக்ஸ் போன்ற அணிக்குச் சில லட்சம் டாலர் எந்த மாற்றத்தையும் தராது. வளரும் வீரர் ஒருவர் தருவார். மேஜர் லீகில் ஆறு ஆண்டு சேவை முடியும்வரை அவர் சுதந்திரமாக வேறு அணிக்குப் போக முடியாது, அதில் முதல் சில ஆண்டுகள் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே ஆடுவார். சந்தையில் பல மடங்கு விலை போகும் ஆட்டத்தை மலிவாகத் தரக்கூடியவர். அணிகளுக்கிடையே உண்மையான நாணயம் அதுதான்.

வீரரைக் கொடுப்பதில் வேறு சிக்கல்கள் உண்டு. வருகிறவர் மேஜர் லீக் ஒப்பந்தத்தில் இருந்தால் பெறும் அணி தன் 40 பேர் பட்டியலில் அவருக்கு இடம் தேட வேண்டும். நிறைந்திருந்தால் இன்னொருவரை நீக்கவேண்டும், நீக்கப்படுபவரை மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே சுமாரான மேஜர் லீக் வீரரைவிடப் பட்டியலுக்கு வெளியே இருக்கும் மைனர் லீக் (மேஜர் லீகுக்குக் கீழ்ப்படி) பையனை விரும்பும் அணிகளும் உண்டு. உடனே ஒத்துப்போக முடியாதபோது ‘பெயர் பிறகு’ என்று ஒரு வீரரை நிலுவையில் வைப்பார்கள். ஆறு மாதத்துக்குள் அந்தப் பெயரைச் சொல்லிவிடவேண்டும்.

பழைய கணக்குகள்

1967 நவம்பரில் நியூயார்க் மெட்ஸ், வாஷிங்டன் செனட்டர்ஸின் மேனேஜர் கில் ஹாட்ஜஸைக் கேட்டது. பிட்சர் பில் டெனஹியும் ஒரு லட்சம் டாலரும் கொடுத்தது. டெனஹி செனட்டர்ஸுக்கு மூன்று ஆட்டங்கள்தான் ஆடினார். ஹாட்ஜஸ் 1969-ல் மெட்ஸுக்கு முதல் வேர்ல்ட் சீரிஸ் பட்டத்தை வாங்கிக்கொடுத்தார்.

1973-ல் நடந்தது, அனுமதி மறுப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு உதாரணம். தொடர்ந்து இரண்டு பட்டங்கள் வென்ற கையோடு ஏ’ஸ் மேனேஜர் டிக் வில்லியம்ஸ் ராஜினாமா செய்தார். யாங்கீஸ் அவரை எடுக்க முயன்றது. ஒப்பந்தம் பாக்கியிருக்கிறது, வளரும் வீரர்கள் ஓட்டோ வேலஸையும் ஸ்காட் மக்ரெகரையும் கொடுங்கள் என்றார் ஃபின்லி. யாங்கீஸ் மறுத்து, ஈடில்லாமலே வில்லியம்ஸோடு கையெழுத்திட்டது. அமெரிக்கன் லீக் தலைவர் ஜோ குரோனின் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். வில்லியம்ஸ் 1974 நடுவில் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் மேனேஜராகும்வரை சும்மா இருக்க நேர்ந்தது. ராஜினாமா செய்வதால் ஒப்பந்தக் கட்டு அவிழ்ந்துவிடாது என்பது அன்று தெளிவாயிற்று.

அதே ஃபின்லி 1976 நவம்பரில் தன் மேனேஜர் சக் டானரைப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்கு விட்டுக்கொடுத்தார். கிடைத்தது மூன்று முறை ஆல்-ஸ்டாரான (சிறந்த வீரர்களின் ஆட்டத்துக்குத் தேர்வான) கேட்சர் மேனி சாங்கியனும் ஒரு லட்சம் டாலரும். நட்சத்திரங்களைப் பணத்துக்கு விற்க விடாமல் தடுக்கப்பட்ட சில மாதங்களில் ஒரு மேனேஜரை வைத்து அவர் வாங்கிய விலை இது. சாங்கியன் ஓக்லாந்தில் ஒரே ஒரு பருவம் ஆடினார், 1978-ல் பைரேட்ஸ் அவரைத் திரும்ப வாங்கியது. 1979 வேர்ல்ட் சீரிஸின் இரண்டாம் ஆட்டத்தில் வெற்றி ரன்னைக் கொண்டுவந்த அடி அவருடையது, மேனேஜர் டானர். கொடுத்ததும் வாங்கியதும் ஒரே அணியில் வந்து சேர்ந்தன.

ஈடாகக் கொடுக்கப்பட்டவர்களில் கொடுக்கும்போதே நல்ல நிலையில் இருந்தவர் என்றால் ராண்டி வின்னைச் சொல்லவேண்டும். 2002-ல் அவர் ஆல்-ஸ்டார். லூ பினியெல்லாவைச் சியாட்டில் மரினர்ஸிடமிருந்து பெற டாம்பா பே டெவில் ரேஸ் அவரைக் கொடுத்தது, கூடவே இன்ஃபீல்டர் அன்டோனியோ பெரஸை வாங்கிக்கொண்டது. முந்தைய ஆண்டு 116 ஆட்டங்கள் வென்ற மேனேஜர் பினியெல்லா, டாம்பா அவருடைய சொந்த ஊர். மூன்று பருவங்களில் அங்கே அவர் பெற்றது 200 வெற்றி, 285 தோல்வி. கட்டமைப்பே இல்லாத அணியில் மேனேஜரை மட்டும் மாற்றினால் நடக்கக்கூடியது அதுதான். ஏற்கெனவே வீரர் பற்றாக்குறையில் தவித்த அணி தன் சிறந்த ஆட்டக்காரரையும் இழந்தது.

2011 செப்டம்பரில் மேனேஜர் ஓஸி கியேன் விஷயமும் அப்படியே முடிந்தது. சிகாகோ வைட் சாக்ஸ் அவருக்கு ஒப்பந்தத்தை நீட்டித் தர மறுத்தது, 2012-க்கான ஆண்டு மட்டும் பாக்கி. மார்லின்ஸ் இரண்டு இளம் வீரர்களைக் கொடுத்தது. 2012-ல் மார்லின்ஸ் 93 ஆட்டங்களில் தோற்று, நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் முதல் ஆண்டு முடிந்ததுமே அவரை அனுப்பிவிட்டது.

இவர்கள் எல்லோரும் மைதானத்தில் நிற்கும் மேனேஜர்கள். அலுவலகத்தில் இருக்கும் நிர்வாகிக்கான முன்னுதாரணம் என்று தேடினால் 1994-க்குப் போகவேண்டும். மினசோட்டா ட்வின்ஸுக்கு 1987-லும் 1991-லும் பட்டம் வாங்கித் தந்த ஜெனரல் மேனேஜர் ஆண்டி மக்ஃபெயில் ஒரு பெரிய அணியின் தலைவராகப் போனார். போன இடம் கப்ஸேதான். ட்வின்ஸுக்கு வந்தவர் ஹெக்டர் டிரினிடாட் என்ற மைனர் லீக் பிட்சர். அவர் மேஜர் லீகை எட்டவே இல்லை.

இரண்டு பட்டம் வென்ற ஜெனரல் மேனேஜர், தலைவர் பதவிக்கு உயர்வு, எடுப்பது கப்ஸ். 17 ஆண்டு கழித்து எப்ஸ்டீன் பேச்சில் கப்ஸ் தரப்புக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் அமைந்திருக்க முடியாது.

பாஸ்டன் எங்கே பிடியை விட்டது

எப்ஸ்டீன் பாஸ்டனில் ஜெனரல் மேனேஜரானதற்கே ஓர் அணி மாற்றம் முறிந்ததுதான் காரணம். 2002 நவம்பரில் ரெட் சாக்ஸ் ஓக்லாந்தின் ஜெனரல் மேனேஜர் பில்லி பீனை எடுக்கப் பார்த்தது. ஐந்து ஆண்டுக்கு 1 கோடியே 25 லட்சம் டாலர் என்று பேசி முடித்து, ஓக்லாந்துக்கு ஈடாக மைனர் லீகில் இருந்த கெவின் யூகிலஸின் பெயர் அடிபட்டபோது, பீன் மனம் மாறி மறுத்துவிட்டார். அடுத்துப் பதவிக்கு வந்தவர் 28 வயது எப்ஸ்டீன். யூகிலஸ் பாஸ்டனிலேயே தங்கி 2007 பட்டத்தில் முக்கியப் பங்கு வகித்தார்.

2011 செப்டம்பரில் ரெட் சாக்ஸ் 27 ஆட்டங்களில் 20-ஐ இழந்து, கையிலிருந்த பிளேஆஃப் (பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகள்) இடத்தைத் தவறவிட்டது. மேனேஜர் டெரி ஃபிரான்கோனா போனார். எப்ஸ்டீனும் போகத் தயாராக இருந்தார். கப்ஸ் உரிமையாளர் டாம் ரிக்கெட்ஸ் அனுமதி கேட்டார், பாஸ்டன் கொடுத்தது. ஐந்து ஆண்டுக்கு 1 கோடியே 85 லட்சம் டாலர் என்று எப்ஸ்டீனோடு பேச்சு முடிந்ததாகச் செய்தி வந்தது. அதன் பிறகுதான் ஈட்டுப் பேரம் இறுகியது.

பாஸ்டன் பெரிய பெயர்களைக் கேட்டது. கப்ஸின் முதல்தர பிட்சர் மாட் கார்ஸாவை விரும்பியது என்பது அப்போதைய செய்தி. கப்ஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இதற்கிடையில் வேர்ல்ட் சீரிஸ் நடந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் அணிகள் பெரிய அறிவிப்புகளை வெளியிட்டுத் தொடரின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்பது கமிஷனர் பட் செலிக்கின் விருப்பம். அதனால்தான் ஆட்டமில்லாத பயண நாளான அக்டோபர் 21-ல் அறிக்கையும், அடுத்த பயண நாளான 25-ல் எப்ஸ்டீனின் பத்திரிகையாளர் சந்திப்பும் வந்தன. அதே 25-ல் பாஸ்டன் தன் புதிய ஜெனரல் மேனேஜராக பென் செரிங்டனை அறிவித்தது. ஈடு தீராமலே ஆள் போய்விட்டார்.

இந்த இடத்தில்தான் பாஸ்டனின் பேரம் சரிந்தது. பழைய அணியிடம் இருக்கும் ஒரே ஆயுதம் ‘இல்லை’ என்று சொல்லும் உரிமை. எப்ஸ்டீன் கப்ஸின் மைதானமான ரிக்லி ஃபீல்டில் மேடையேறிய பிறகு அந்த உரிமை காலாவதி. வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு விலை பேச உட்கார்ந்த நிலை. செரிங்டனைப் பதவியில் அமர்த்தியது இரண்டாவது பலவீனம். தகுதியான வாரிசு வீட்டுக்குள்ளேயே இருந்தார் என்றால் இழப்பு அவ்வளவு பெரிதா என்று எதிர்த்தரப்பு கேட்கும். மூன்றாவதாக, பாக்கி ஒரே ஓர் ஆண்டு. எப்ஸ்டீனைப் பிடித்து வைத்திருந்தாலும் 2012 முடிவில் எதுவும் வாங்காமல் இழந்திருப்பார்கள். போக மனம் முடிவு செய்துவிட்ட ஒரு நிர்வாகியை ஓராண்டு அலுவலகத்தில் உட்கார வைப்பதில் ஆபத்தும் உண்டு, அணியின் எல்லா ரகசியமும் அவர் கையில்.

நவம்பர் 1-க்குள் தீராவிட்டால் செலிக் தலையிடுவார் என்று பேச்சு இருந்தது. அந்த நாளும் கடந்தது. இரு அணிகளும் தங்கள் வாதங்களை எழுத்தில் கமிஷனர் அலுவலகத்துக்கு அனுப்பின. அணிகள் தாங்களே முடித்துக்கொள்வதைத்தான் எந்தக் கமிஷனரும் விரும்புவார். பெரிய வீரர் ஒருவரைக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தால் அது நிரந்தர முன்னுதாரணமாகிவிடும், நாளை ஒவ்வோர் ஓராண்டு பாக்கிக்கும் ஒரு நட்சத்திரம் கேட்கப்படும். தீர்ப்பு அப்படி வராது என்பது கப்ஸுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நடுவரின் போக்கை ஊகிக்க முடிகிற தரப்பு அவசரப்படத் தேவையில்லை.

2012 பிப்ரவரி 21-ல் முடிவு வந்தது. கப்ஸ் கார்பென்டரைக் கொடுக்கும், இரு பக்கமும் ஒவ்வொரு ‘பெயர் பிறகு’ வீரர். மார்ச்சில் பெயர்கள் நிரப்பப்பட்டன. பாஸ்டனுக்கு பிட்சர் ஆரன் கர்ஸ், கப்ஸுக்கு ஜைர் போகார்ட்ஸ். பிந்தையவர் பிற்காலத்தில் பாஸ்டனின் நட்சத்திரமான ஸாண்டர் போகார்ட்ஸின் இரட்டைச் சகோதரர்.

பிறகு நடந்தவை இவை. கார்பென்டருக்கு அந்த வசந்த கால முகாமிலேயே முழங்கையில் எலும்புத் துருத்தலை நீக்க அறுவை சிகிச்சை ஆனது. செப்டம்பரில் திரும்பி எட்டு ஆட்டங்கள் பாஸ்டனுக்காக வீசினார், பின்னர் ஜப்பானுக்கு ஆடப்போனார். கர்ஸும் ஜைர் போகார்ட்ஸும் மேஜர் லீகை எட்டவில்லை. கார்பென்டர் மணிக்கு 100 மைலை நெருங்கும் வேகத்தில் வீசுபவர், கட்டுப்பாடு குறைவு, முழங்கைத் தொல்லை பழையது. வேகம், கட்டுப்பாடின்மை, காய வரலாறு மூன்றும் சேர்ந்த பிட்சர்தான் ஈட்டுப் பேரத்தில் அதிகம் அகப்படுகிற வகை. கொடுப்பவருக்கு அவரை இழப்பது வலிக்காது, வாங்குபவர் தன் ரசிகர்களிடம் அந்த வேகத்தைச் சொல்லிக்காட்டலாம்.

கார்ஸா கப்ஸிலேயே இருந்தது பற்றி ஒரு கணக்கு பார்க்கலாம். 2013 ஜூலையில் கப்ஸ் அவரை டெக்ஸஸ் ரேஞ்சர்ஸுக்கு அனுப்பி நான்கு இளம் வீரர்களை வாங்கியது. அவர்களில் கார்ல் எட்வர்ட்ஸும் ஜஸ்டின் கிரிமும் 2016 பட்டம் வென்ற அணியின் பிட்சர்கள். 108 ஆண்டு காத்திருப்பு முடிந்த அந்த ஏழாவது ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸைத் தொடங்கி வீசியவர் எட்வர்ட்ஸ். ஈடாக ‘முடியாது’ என்று சொல்லப்பட்ட ஒரு பெயரின் பலன் அங்கே வரை நீண்டது.

முன்பே பேசி முடித்தால்

ஃபாரல் மாற்றத்தில் டொராண்டோ பாஸ்டன் செய்த தவறைச் செய்யவில்லை. 2011-ல் பாஸ்டன் முதலில் விசாரித்தபோது டொராண்டோ கேட்ட விலை பிட்சர் கிளே பக்ஹோல்ஸ் என்று செய்தி வந்தது. பாஸ்டன் பின்வாங்கியது. பக்கவாட்டு நகர்வுக்கு இனி யாரையும் விடமாட்டோம் என்று டொராண்டோ அப்போது கொள்கையும் அறிவித்தது. ஓராண்டு கழித்து, ஃபாரல் மனம் பாஸ்டனில் இருப்பது ஊரறிந்த பிறகு கொள்கையைத் தளர்த்தியது, ஆனால் அவிலஸ் பெயர் எழுத்தில் உறுதியான பின்னரே ஆளை விட்டது. விலை குறைவுதான். 2013-ல் ஃபாரல் வேர்ல்ட் சீரிஸ் வென்றார், டொராண்டோ தன் பிரிவில் கடைசி இடம். டொராண்டோ அவிலஸை இரண்டே வாரத்தில் கிளீவ்லாந்துக்கு அனுப்பியது. அவரோடு சேர்த்து விட்ட இளம் கேட்சர் யான் கோம்ஸ் அங்கே 2014-ல் சிறந்த பேட்டர்களுக்கான சில்வர் ஸ்லக்கர் விருது வாங்கினார். ஈடாகக் கிடைத்தவரை வைத்துச் செய்யும் அடுத்த பேரத்தில் இன்னும் பெரிதாக இழக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

அளவு மீறிக் கேட்டாலும் கதை கெடும். 2014 இறுதியில் டொராண்டோ தன் தலைவர் பதவிக்குப் பால்டிமோர் ஓரியோல்ஸின் நிர்வாகி டான் டுகெட்டைத் தேடியது. டுகெட்டின் ஒப்பந்தம் 2018 வரை. அதாவது பாக்கி ஓராண்டு இல்லை, நான்காண்டு. பால்டிமோர் கேட்ட விலையில் அதே ஆண்டு முதல் சுற்றில் எடுக்கப்பட்ட பிட்சர் ஜெஃப் ஹாஃப்மேன் உட்பட இளம் வீரர்களின் பெயர்கள் அடிபட்டன. 2015 ஜனவரியில் பேச்சு முறிந்தது. வேறு அணிக்குப் போக ஆசைப்பட்டது வெளியே தெரிந்துவிட்ட நிலையில் டுகெட் பழைய நாற்காலியிலேயே தொடர வேண்டியிருந்தது. பேச்சு முறிந்தால் நிர்வாகிக்கு ஏற்படும் சங்கடம் இது. அதனாலேயே அனுமதிக் கட்டத்திலேயே ஈட்டின் அளவைப் பேசிவிட வேண்டும் என்று அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் வற்புறுத்துவார்கள்.

விலையை விதியாகவே எழுதிவைத்தால் என்ன என்பதை ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல் சோதித்துப் பார்த்தது. 2015 ஜனவரி முதல் ஒப்பந்தத்தில் உள்ள பயிற்சியாளரையோ நிர்வாகியையோ எடுத்தால் இரண்டாம் அல்லது மூன்றாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்பு ஒன்று என்று நிர்ணயித்தது. பாஸ்டன் புரூயின்ஸ் தானே வேலையை விட்டு நீக்கிய பீட்டர் சியரெல்லியை எட்மண்டன் ஆயிலர்ஸ் எடுத்தபோதும், சம்பளப் பாக்கி இருந்ததால் புரூயின்ஸுக்கு இரண்டாம் சுற்று வாய்ப்பு கிடைத்தது. நீக்கிய ஆளுக்கு ஈடா என்று மற்ற அணிகள் எதிர்த்தன. ஓராண்டில் அந்த விதி கைவிடப்பட்டது.

இப்போதைய வழிகள்

அண்மை ஆண்டுகளில் வீரர் கைமாறும் ஈடு அரிதாகிவிட்டது. ஒப்பந்தங்களை எழுதும் விதம் மாறியது முக்கியக் காரணம். 2014 அக்டோபரில் டாம்பா பே ரேஸின் நிர்வாகி ஆண்ட்ரூ ஃபிரீட்மேன் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குப் போனார். அவர் போனால் இரண்டு வாரத்துக்குள் தானும் விலகலாம் என்று மேனேஜர் ஜோ மேடனின் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. மேடன் விலகினார், எப்ஸ்டீனின் கப்ஸ் அவரை எடுத்தது. ஷரத்து வேலை செய்யும் முன்பே கப்ஸ் மேடனோடு பேசிவிட்டதாக ரேஸ் புகார் கொடுத்தது. லீக் விசாரித்து 2015-ல் டேம்பரிங்குக்கு ஆதாரமில்லை என்றது. ரேஸுக்கு வீரர் யாரும் வரவில்லை.

சம்பளம் மிச்சமாவதையே ஈடாகக் கருதுகிற அணிகளும் உண்டு. 2021-ல் ஓக்லாந்து தன் மேனேஜர் பாப் மெல்வினை ஓராண்டு பாக்கியிருந்தும் சான் டியேகோ பாட்ரேஸுக்கு எதுவும் வாங்காமல் விட்டது. செலவைக் குறைத்துக்கொண்டிருந்த அணிக்கு அந்தச் சம்பளம் கணக்கில் வந்தது என்றே நாம் கருதுகிறோம். தேவைப்பட்டவரைப் பிடித்து வைத்திருக்கும் அணிகளும் இல்லாமலில்லை. தன் பேஸ்பால் பிரிவுத் தலைவர் டேவிட் ஸ்டெர்ன்ஸோடு பேச மெட்ஸ் கேட்ட அனுமதியை மில்வாக்கி புரூவர்ஸ் மறுத்தது. அவர் 2022 அக்டோபரில் பொறுப்பிலிருந்து இறங்கி ஆலோசகராக இருந்து, 2023 இறுதியில்தான் மெட்ஸுக்குப் போக முடிந்தது. மெட்ஸ் இழந்தது காலம், புரூவர்ஸ் பெற்றது புதிய நிர்வாகியைப் பழக்கிக்கொள்ள ஓராண்டு.

அதே புரூவர்ஸின் மேனேஜர் கிரெய்க் கவுன்செல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் 2023 அக்டோபர் முடியும்வரை பொறுத்திருந்தார். அது காலாவதியான சில நாட்களில் கப்ஸ் அவரை ஐந்து ஆண்டுக்கு 4 கோடி டாலருக்கு மேல் கொடுத்து எடுத்தது. அப்போது அவர் எந்த அணியின் ஒப்பந்தத்திலும் இல்லை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை, ஈடு என்ற பேச்சும் எழவில்லை.